செக்ரோலிலிருந்து பாராளுமன்றம் வரை: சம்பளப் பேச்சுக்குப் போகிற தம்பி தங்கச்சிமாருக்கு

1984இல் நான் இலங்கை மலையகத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்துச் செக்ரோலில், அதாவது தொழிலாளர் பதிவேட்டில், பேர் பதிந்தேன். அப்போது பதினெட்டு வயது. அந்த ஏப்ரலில் மலையகம் முழுக்க வேலைநிறுத்தம். அது முடிந்து வந்த சம்பளத்தில், கவ்வாத்து வெட்டிய ஆம்பிளைக்கும் கொழுந்து பறித்த எனக்கும் நாட்சம்பளம் ஒன்றாக இருந்தது. அதுவரைக்கும் பொம்பிளைக்குக் குறைவுதான். அம்மா என் கையிலிருந்த காசை வாங்கி இரண்டு தரம் எண்ணிப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் சாமிப் படத்துக்கு முன்னால் வைத்தார்.

அந்தப் போராட்டத்தை நடத்தியவர் எங்கள் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான். அப்போது அவர் அமைச்சர். தோட்டங்களும் அப்போது அரசாங்கத்தின் கையில்தான் இருந்தன, ஜனவசமவும் பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் நடத்தின. அமைச்சரவையில் ஒரு நாற்காலி, அரசாங்கத்துக்கு எதிரே சங்கத்தில் ஒரு நாற்காலி. இதை எப்படிச் செய்தார், நாங்களும் அப்படி வரலாமா என்று சங்கத்துக்கு வருகிற பிள்ளைகள் என்னிடம் கேட்கிறார்கள். இருபத்திரண்டு வருஷம் கொழுந்து பறித்து, மாதர் சங்கத் தலைவியாக இருந்து, பிறகு மாவட்டப் பிரதிநிதியாக ஓடித் திரிந்தவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்த வழியைச் சொல்கிறேன்.

முதல் வேலை ஆள் எண்ணுவது. மேடை, மாலை எல்லாம் பிறகு. உங்கள் டிவிஷனில் செக்ரோலில் எத்தனை பேர், அதில் எத்தனை பேரின் சந்தா உங்கள் சங்கத்துக்குப் போகிறது, போன மாதம் எத்தனை பேர் மாறினார்கள்? இதை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். 1999இல் கைத்தொழில் பிணக்குகள் சட்டத்துக்கு வந்த திருத்தத்தின்படி, ஒரு வேலைத்தலத்தில் 40 வீதமானவர்கள் உங்கள் சங்கத்தில் இருந்தால் முதலாளி உங்களோடு பேச மறுக்க முடியாது. 39 வீதம் என்றால் நீங்கள் வாசலில் நிற்கிற ஆள்.

தொண்டமான் ஐயாவின் வாழ்க்கையில் இந்த எண்ணிக்கைதான் எல்லாம். 1913இல் இராமநாதபுரம் சீமையில் பிறந்தார். சின்ன வயதில் இலங்கைக்கு வந்தார். அவருடைய அப்பா இறம்பொடையில் வேவண்டன் தோட்டத்துக்குச் சொந்தக்காரர், ஆக அவர் வறுமையிலிருந்து வந்தவர் இல்லை. 1939இல் இலங்கை இந்தியர் காங்கிரஸ் உருவானது. அடுத்த வருஷம் அதன் தொழிற்சங்கம். 1947 தேர்தலில் நுவரெலியாவிலிருந்து பாராளுமன்றம் போனார். அடுத்த வருஷமே எங்கள் சனத்தை நாடற்றவர்களாக்கிய பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் வாக்கும் போனது. 1952 தேர்தலில் அவருக்கு வாக்குப் போட்ட சனத்தில் பெரும்பாலோரின் பேர் வாக்காளர் இடாப்பிலேயே இல்லை. கதிரையும் இல்லை.

ஆனால் செக்ரோலில் பேர் இருந்தது. நாடில்லாதவள் என்று சட்டம் சொன்ன என் பாட்டி மாதாமாதம் சந்தா கட்டினார். 1960இலும் 1965இலும் தொண்டமான் ஐயா நியமன உறுப்பினராகப் பாராளுமன்றத்துக்குள் போனார். வாக்கில்லாத சனத்தின் தலைவரை ஆளுங்கட்சிகள் ஏன் கூப்பிட்டு வைத்தன? இத்தனை லட்சம் பேர் கைவைத்தால்தான் தேயிலை கொழும்புத் துறைமுகத்துக்குப் போகும் என்பதுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன். 1977இல் மூன்று பேரைத் தெரிவுசெய்யும் நுவரெலியா - மஸ்கெலியா தொகுதியில் மூன்றாவதாக வந்து மறுபடி மக்கள் வாக்கில் ஜெயித்தார். நடுவில் முப்பது வருஷம்.

இனிப் பேச்சுவார்த்தை மேசைக்கு வருவோம்.

மாதர் சங்கத் தலைவியாகி முதல் முதல் ஆபீசுக்குப் போன நாள் இன்னும் நெஞ்சில் கிடக்கிறது. பதினொரு பேருக்கு அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், போட்டுவிட்டார்கள் என்று நாற்பது பெண்களோடு போனேன். எங்கள் மலையில் அப்போது 18 கிலோ எடுத்தால்தான் முழுப்பேர். தோட்ட மனேஜரான துரை சத்தம் போடவில்லை. ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளி, எந்தத் தேதி, எந்த மலை, யார் யார், தராசில் எத்தனை கிலோ, எழுதுங்கள் என்றார். எனக்கு நாலு பேரின் பேர்தான் தெரிந்தது, தேதி ஒன்றும் தெரியவில்லை. மழையில் நின்ற நாற்பது பேரும் வந்த வழியே திரும்பினோம். அந்தப் பதினொரு பேருக்கும் அரைநாள் சம்பளம் போனது போனதுதான். அதில் ஒருத்தி கைப்பிள்ளைக்காரி. அவள் முகத்தைப் பார்க்க எனக்கு ஒரு வாரம் முடியவில்லை.

அன்றிலிருந்து மூன்று தராசு நேரத்துக்கும் கிலோவைத் தாங்களே குறிக்கச் சொல்லி ஒவ்வொரு கேங்கிலும் ஒரு பிள்ளையிடம் கொப்பி கொடுத்தேன். எழுதத் தெரிந்த ஒருத்தி போதும். மழை நாளா, புல் மண்டிய மலையா, சாக்குக்கு எத்தனை கிலோ கழித்தார்கள் என்பதும் அதில் வரவேண்டும். ஆபீசில் நீங்கள் பேசவே வேண்டாம், அந்தக் கொப்பியைத் திறந்து வையுங்கள்.

கொழும்பில் நடக்கிற பெரிய பேச்சும் இதே கணக்குதான், தாள்தான் பெரிசு. 1992இல் தோட்டங்கள் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போன பிறகு, ஒரு பக்கம் முதலாளிமார் சம்மேளனம், மறுபக்கம் சங்கங்கள் உட்கார்ந்து கூட்டு ஒப்பந்தம் போட்டார்கள். பேசப் பழக விரும்புகிறவர்கள் 2016, 2019 ஒப்பந்தங்கள் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். நான் கற்றுக்கொடுக்கும்போது இதை விட்டு நகரவே மாட்டேன்.

2016இல் நாளொன்றுக்கு அடிப்படை 500 ரூபா, தேயிலை விலைக்கென்று விலைப்பங்கு 30, நாள் தவறாமல் வந்தால் வரவுக் கொடுப்பனவு 60, கிலோவை எட்டினால் உற்பத்திக் கொடுப்பனவு 140. கூட்டினால் 730. 2019இல் அடிப்படை 700, விலைப்பங்கு 50. வரவும் உற்பத்தியும் எடுபட்டன. கூட்டினால் 750. 200 ரூபா கூடியது என்றார் ஒருவர், 20 ரூபாதான் கூடியது என்றார் இன்னொருவர். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் இதற்காகக் கைகலப்பே நடந்தது.

இரண்டு பெண்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருத்தி நாள் தவறாமல் வந்து கிலோவை எட்டியவள், முழு 730உம் வாங்கியவள். ஓய்வுகாலச் சேமிப்பான சேமலாப நிதிக்கு அடிப்படையில் 8 வீதம், அதாவது 40 ரூபா போக, கைக்கு 690. புது ஒப்பந்தத்தில் 56 ரூபா போக 694. கைக்கு வந்தது 4 ரூபா. மற்றவள் நோயாளி மாமியாரோடு மாரடிக்கிறவள், வரவும் குறைவு, கிலோவும் எட்டாது. அவளுக்கு முந்தி 530, 40 போக 490. இப்போது அவளுக்கும் 694. ஒரே கையெழுத்து, ஒருத்திக்கு 4 ரூபா, ஒருத்திக்கு 204 ரூபா. இன்னொன்றும் உண்டு. கம்பனி சேமலாப நிதிக்கு 12 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம் கட்டவேண்டும். 500க்கு அது 75 ரூபா, 700க்கு 105. அந்த 30 ரூபா கையில் தெரியாது, அறுபது வயதில் தெரியும்.

ஆகவே பேச்சுக்குப் போகுமுன் மூன்று வீட்டுக் கணக்கைப் போடுங்கள். நன்றாகப் பறிக்கிறவள் வீடு, முடியாதவள் வீடு, ஓய்வுக்குப் போகப்போகிறவர் வீடு. எதிர்த்தரப்பு ஒரு தொகையைச் சொன்னதும் மூன்று வீட்டிலும் அது எங்கே விழுகிறது என்று பாருங்கள். மொத்தத் தொகையை மட்டும் கேட்டுத் தலையாட்டுகிறவரைப் பேச்சுக்கு அனுப்பவே கூடாது.

ஒப்பந்தம் எந்தத் தேதியிலிருந்து அமுல் என்பதையும் முதல் நாளே பேசி எழுதிவிடுங்கள். முன்னைய ஒப்பந்தம் 2015 மார்ச்சில் முடிந்தது, அடுத்தது 2016 அக்டோபரில்தான் கையெழுத்தானது. நடுவில் போன பதினெட்டு மாத நிலுவைக்காக எங்கள் சனம் றோட்டில் இருந்து அழுதது. அந்த நிலுவை போனதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

காலம் பார்ப்பதும் ஒரு கலை. கொழுந்து இல்லாத வறட்சி மாதத்தில் வேலையை நிறுத்தினால் கம்பனிக்கு லாபம். 1984 ஏப்ரலைக் கவனியுங்கள். அப்போது உலகச் சந்தையில் தேயிலை நல்ல விலைக்குப் போனது, மலையில் கொழுந்தும் கூடிவருகிற காலம். ஒரு நாள் பறிக்காவிட்டால் இலை முற்றிவிடும்.

ஆனால் எல்லாக் குறையையும் துரையிடம் கொண்டு போகாதீர்கள். அரைப்பேரைத் திருத்தத் துரையால் முடியும். நாட்சம்பளத்தை மாற்றக் கொழும்பில் ஒப்பந்தம் வேண்டும், அல்லது சம்பள நிர்ணய சபை வேண்டும். 2021இல் 1,000 ரூபா அந்தச் சபை வழியாக வர்த்தமானியில்தான் வந்தது. பிரஜாவுரிமையைத் தர எந்தத் துரையாலும் முடியாது. அது பாராளுமன்றத்தின் கையில் இருந்த சாமான். தொண்டமான் ஐயா மேசையிலிருந்து பாராளுமன்றத்துக்குப் போனதன் அர்த்தமே இதுதான் என்பேன்.

1986 தைப்பொங்கல் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வேலைநிறுத்தம் என்று பேரில்லை, பிரார்த்தனை. காலையில் எல்லாரும் கோயிலடியில் உட்கார்ந்தோம், மதியத்துக்குப் பிறகுதான் மலை. கொழுந்து பறிப்பது காலை வேலை என்று தோட்டத்தில் பிறந்த பிள்ளைக்கும் தெரியும். சாமி கும்பிடுகிறவர்களை எந்தப் பொலிசு அடிக்கும்? கேட்டது சம்பளமில்லை, பிரஜாவுரிமை. கொஞ்ச நாளிலேயே அரசாங்கம் இறங்கி வந்தது. இந்தியப் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பிக்காமல் நாடற்றவர்களாக நின்ற 94,000 பேருக்கு உரிமை கொடுக்க அந்த வருஷமே சட்டம். 1988இல் இன்னொரு சட்டம். 1989 பெப்ரவரி பொதுத்தேர்தலில் அம்மா பாராளுமன்றத்துக்கென்று முதல் தடவை வாக்குப் போட்டார். விரலில் பட்ட மையைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டே வீட்டுக்கு வந்தார், மழையில் போய்விடுமோ என்ற பயம்.

இனிப் பாராளுமன்றச் சபைக்குப் போக நினைக்கிறவர்களுக்கு. 225 பேர் கொண்ட சபையில் நுவரெலியா மாவட்டத்துக்கு எட்டு இடம். கட்சிப் பட்டியலில் பேர் வந்தாலும் விருப்பு வாக்கில் உங்கள் கட்சிக்காரரையே முந்தவேண்டும். ஒரு வாக்காளர் மூன்று விருப்பு வாக்குப் போடலாம். இதைத் தோட்டம் தோட்டமாகச் சொல்லிக்கொடுக்க வருஷக்கணக்கில் ஆள் வேண்டும், அந்த ஆள்கள் சங்கத்தில்தான் இருக்கிறார்கள். தேர்தலுக்கு மூன்று மாதம் இருக்கும்போது சங்கம் தொடங்குகிறவர்களை நான் நம்புவதில்லை.

சபைக்குள்ளே பெரிய கட்சிகளுக்கு உங்கள் கைகள் எப்போது தேவை என்று பார்த்துப் பேசவேண்டும். ஐயா 1978இல் அமைச்சரானார், 1999 அக்டோபரில் இறக்கும்வரை, ஆட்சி மாறியும் ஜனாதிபதிகள் மாறியும், அமைச்சரவையில் இருந்தார். இதைப் பலர் குறை சொன்னார்கள். அந்த இரண்டு நாற்காலியில் ஆபத்து இருக்கிறது என்பதை நானும் மறுக்கமாட்டேன். அமைச்சு வாகனத்தில் ஏறிய பிறகு, காலையில் வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டுக் களத்துக்கு வராமலே போன சிலரைப் பார்த்தவள் நான். லயத்துக் காம்பராவும் ஒழுகிற தகரமும் அவர் காலத்தில் முற்றாகத் தீரவில்லை, இன்றும் தீரவில்லை. காணி உறுதியை அந்தக் காலத்திலேயே பிடிவாதமாகக் கேட்டிருக்கவேண்டும் என்பது என் ஆதங்கம். ஆனால் 1984இல் அமைச்சராக இருந்துகொண்டே வேலைநிறுத்தத்துக்கு அழைத்தாரே, அந்தத் துணிவை நான் வேறு யாரிடமும் கண்டதில்லை. நாற்காலி போனாலும் சந்தா இருக்கும் என்று தெரிந்தவரால்தான் அது முடியும்.

எங்கே தொடங்குவது என்று கேட்டால், வருகிற திங்கட்கிழமை ஐந்தரைக்குப் பெரட்டுக்குப் போங்கள். எண்பது பக்கக் கொப்பி ஒன்று, பேனை இரண்டு, மழைக்கு ஒரு பொலித்தீன் பை. கொப்பியில் ஐந்து கோடு போட்டு, தேதி, மலை, பேர், தராசுக் கிலோ, கழிவு என்று எழுதுங்கள். முதல் தராசு முடிந்ததும் கங்காணி ஐயாவிடம் மரியாதையாகச் சொல்லிவிட்டு, கடைசி நிரையில் பறிக்கிற அக்காவிடமிருந்து குறிக்கத் தொடங்குங்கள்.