வேட்டியை நம்பி வெள்ளை பிடிக்காதீர்கள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்துக் கோயில் திருவிழாவை ரா (RAW) கோப்பாக, அதாவது கேமரா மெருகேற்றாத மூலப் பதிவாக எடுத்து வந்து கணினியில் திறந்தால், படம் சப்பென்று இருக்கும். கை நேராக நிறத்தின் அடர்த்தியைக் கூட்டும் சாச்சுரேஷனுக்குத்தான் போகும். நானும் பல வருஷம் அப்படித்தான் ஏற்றினேன். அம்மன் புடவை பளிச்சென்று வந்தது. பக்கத்தில் நின்ற அத்தைக்கு மஞ்சள் காமாலையே வந்துவிட்டது.

முதலில் ஒயிட் பேலன்ஸ், அதாவது வெள்ளை வெள்ளையாகவே தெரியும்படி நிறச் சாய்வைச் சரிசெய்வது. ரா கோப்பில் அதைப் பிறகு தாராளமாக மாற்றலாம். ஆனால் எதைத் தொட்டு மாற்றுகிறோம் என்பதில்தான் கோளாறு. வெள்ளை வேட்டி இருக்கிறதே என்று, நிறச் சாய்வில்லாத இடம் இதுதான் என்று மென்பொருளுக்குக் காட்டும் டிராப்பரை அதில் வைப்போம். வேட்டியோ நீலம் போட்டு அலசியது. மென்பொருளுக்கு அது எப்படித் தெரியும்? அந்த லேசான நீலத்தை அடிக்க மஞ்சளை ஏற்றிவிடும். காலைப் பூசை சாயங்காலப் பூசையாகிவிடும். பூசைக்கு முன் ஒரு சாம்பல் அட்டையை யாராவது பையன் கையில் கொடுத்து ஒரு படம் எடுத்துவிடுங்கள். டிராப்பரை அந்த அட்டையில் வையுங்கள். அதே வெளிச்சத்தில் எடுத்த மற்ற படங்களுக்கும் அந்த அளவே போதும்.

செம்பனை மரத்தடியில் வேறு தொல்லை. ஓலை வழியாக வரும் வெளிச்சம் முகத்தில் பச்சை பூசும். நீலம்-மஞ்சளை மாற்றும் டெம்பரேச்சரை எவ்வளவு இழுத்தாலும் போகாது. பச்சை-மெஜந்தாவை மாற்றும் டின்ட்டைக் கொஞ்சம் மெஜந்தா (கருஞ்சிவப்பு கலந்த ஊதா) பக்கம் தள்ள வேண்டும். அப்புறம், ஓலை நிறம் பிடிக்கவில்லை என்று பச்சை ஸ்லைடரோடு மல்லுக்கட்டாதீர்கள். இலைப் பச்சையில் மஞ்சளும் நிறையவே கலந்திருக்கும். மஞ்சள் ஸ்லைடரை அசைத்துப் பாருங்கள்.

சிவப்புப் பட்டில் மடிப்பே தெரியாமல் தட்டையாகிவிடுகிறதா? வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராம் மொத்தமாக ஒழுங்காகத் தெரிந்தாலும், சிவப்பு மட்டும் உச்ச அளவில் முட்டி நிற்கும். எக்ஸ்போஷரையோ (படத்தின் வெளிச்சத்தையோ) சிவப்பின் சாச்சுரேஷனையோ இறக்கினால் பெரும்பாலும் மடிப்பு திரும்பி வரும். மொத்தமாகக் கொஞ்சம் நிறம் ஏற்ற ஆசையென்றால் மங்கலான நிறங்களை மட்டும் அதிகம் ஏற்றும் வைப்ரன்ஸ் பரவாயில்லை, முகத்தை அவ்வளவாகக் கெடுக்காது.

ரொம்ப நேரம் திரையையே பார்த்தால் கண் எந்த நிறத்துக்கும் பழகிவிடும். எழுந்துபோய் ஒரு தே தாரிக் (ஆற்றிய பால் தேநீர்) குடித்துவிட்டு வந்து பாருங்கள்.

அனுப்பும்போது, பெரும்பாலான திரைகள் புரிந்துகொள்ளும் நிற முறையான எஸ்ஆர்ஜிபியில் (sRGB) சேமித்து அனுப்புங்கள். ஒருமுறை மறந்து அடோபி ஆர்ஜிபி (Adobe RGB) என்ற வேறு நிற முறையில் குடும்பக் குழுவில் போட்டேன், நிறமெல்லாம் வெளிறித் தெரிந்தது. அக்கா போன் செய்து, "என்னடா, கேமரா பழசாயிருச்சா?" என்றார்.