கடைசிக் கோப்பை மட்டும் கசந்தது

சீனாவின் ஈஷிங் மண் கெண்டியில் ஊலாங் டீ (பச்சை டீக்கும் கறுப்பு டீக்கும் இடைப்பட்டது) போடுவேன். முதல் கோப்பை மணக்கும், கடைசிக் கோப்பை கசக்கும். செட்டில் வந்த கெண்டி 250 மில்லி. கோப்பைகளோ 40 மில்லிதான், நான்கு. ஊற்றியது போக மிச்ச டீ இலையோடேயே ஊறிக்கொண்டிருந்தது.

சரி என்று 120 மில்லி கெண்டிக்கு மாறினேன். கடையிலேயே தண்ணீர் நிரப்பி, மூடித் துளையை விரலால் அடைத்துச் சாய்த்தேன். தண்ணீர் விழுவது நின்றது. மூடி கச்சிதம். இப்போது சாறு இறங்கியதும் மொத்தத்தையும் கண்ணாடி ஜாடியில் வடித்து, அதிலிருந்து மூன்று கோப்பைகளுக்கு ஊற்றுகிறேன். எல்லாம் ஒரே சுவை.

மெருகு பூசாத மண், டீயின் வாசனையைப் பிடித்துக்கொள்ளும் என்பதால் அதில் ஊலாங் மட்டும். மல்லிகை டீக்குத் தனியாகப் பீங்கான். கோப்பைக்கு உள்பக்கம் வெள்ளையாக இருக்கட்டும். கறுப்பு அழகுதான், டீயின் நிறம் தெரியாது.