வீட்டுக்கு ரெய்டு 1 போதும்

பல ஹார்ட் டிஸ்க்குகளை (வட்டுகளை) ஒன்றாக இணைத்து இயக்கும் முறைதான் ரெய்டு; ரெய்டு 1, 5 இரண்டிலும் ஒரு வட்டு பழுதானாலும் தரவு தப்பும். வீட்டில் இதை அமைக்க யோசனை கேட்டு வருபவர்களிடம் நான் முதலில் சொல்வது: ரெய்டு 5 ஆசையை விடுங்கள். மூன்று ஹார்ட் டிஸ்க்கில் இரண்டின் இடம் கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் ஒரே தரவை இரண்டு வட்டிலும் எழுதும் ரெய்டு 1-இல் ஒன்று பழுதாகி எது மிஞ்சினாலும் அதை மட்டும் வேறொரு லினக்ஸ் கணினியில் செருகிப் படங்களை எடுத்துவிடலாம். 4 டெராபைட்டில் இரண்டு வாங்கி 4தான் கிடைக்கிறதே என்று என் மைத்துனர் இன்னும் முணுமுணுக்கிறார். முணுமுணுக்கட்டும்.

வாங்கும்போது 'சிஎம்ஆர்' வகையா என்று பாருங்கள். மலிவான 'எஸ்எம்ஆர்' வட்டுகளில் தரவு எழுதும் தடங்கள் ஓடு வேய்ந்ததுபோல் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். தொடர்ந்து எழுதினால் திணறும். இரண்டையும் வெவ்வேறு கடையில் வாங்குங்கள், ஒரே தயாரிப்புத் தொகுதியாக அமையாமல் இருக்க. ஒவ்வொன்றின் வரிசை எண்ணையும் தாளில் எழுதி, கணினியைத் திறந்தால் கண்ணில் படும் பக்கத்தில் ஒட்டுங்கள். பழுதாகும் நாளில் நல்ல வட்டைக் கழற்றிவிடக் கூடாது அல்லவா?

பழைய கணினியில் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளம், அதில் ரெய்டை உருவாக்கி நிர்வகிக்கும் எம்டிஏடிஎம் (mdadm) நிரல். நிலை 1, வட்டுகள் 2 என்று கொடுத்து உருவாக்கினால் பழைய தரவு போய்விடும். முதல் ஒத்திசைவு ஏழெட்டு மணி நேரம் ஓடும். அதுவரை காத்திருக்கத் தேவையில்லை, இஎக்ஸ்டி4 (ext4) என்ற லினக்ஸ் கோப்பு முறைமையாக வடிவமைத்துப் பயன்படுத்தலாம். அமைப்பு விவரத்தை எம்டிஏடிஎம்மின் கோப்பில் சேமித்து, கணினி தொடங்கும்போது முதலில் ஏறும் இனிட்ராம்எஃப்எஸ் (initramfs) கோப்பைப் புதுப்பியுங்கள். இல்லையென்றால் மறுமுறை கணினியை இயக்கும்போது ரெய்டு நீங்கள் கொடுத்த பெயருக்குப் பதில் எம்டி127 (md127) என்ற பெயரோடு வந்து நின்று குழப்பும்.

அடுத்ததைத்தான் பலர் செய்வதில்லை. நாலைந்து படங்களை ஏற்றி, கணினியை அணைத்து, ஒரு வட்டின் கேபிளைப் பிடுங்கி, மறுபடி இயக்குங்கள். ரெய்டின் நிலையைக் காட்டும் எம்டிஸ்டாட் (/proc/mdstat) கோப்பில் இரண்டு 'யு' (U) இருந்த இடத்தில் ஒன்று கீழ்க்கோடாகியிருக்கும். படங்கள் திறக்க வேண்டும். எம்டிஏடிஎம் அனுப்பும் எச்சரிக்கை மின்னஞ்சல் வந்ததா? வராவிட்டால் இப்போதே சரிசெய்யுங்கள். பின்பு அணைத்து, கேபிளைச் செருகி, வட்டை மீண்டும் சேர்க்கும் கட்டளையைக் கொடுங்கள்.

தவறுதலாக அழித்த கோப்பு இரண்டு வட்டிலும் ஒரே நொடியில் அழியும். ஆகவே மூன்றாவதாக ஒரு யுஎஸ்பி வட்டில் நகல் எடுத்து வேறு வீட்டில் வையுங்கள். என்னுடையது அக்கா வீட்டில் இருக்கிறது. மாதத்தின் முதல் ஞாயிறன்று டெபியன் தானே இரு வட்டுகளையும் ஒப்பிட்டுப் பார்க்கும். அன்று கணினி மந்தமாக இருந்தால் பதறி அணைத்துவிடாதீர்கள்.