டிவிடியில் பார்த்த படத்தைக் குறை சொல்லும் முன்

வீட்டில் டிவிடி போட்டுப் பார்த்துவிட்டு "ஒளிப்பதிவு சுமார்", "வசனமே கேட்கவில்லை", "கதை எங்கெங்கோ தாவுகிறது" என்று சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, எந்த டிஸ்க்கில், எப்படிப் பார்த்தீர்கள் என்றுதான். இப்படிச் சொல்லப்படும் குறைகளில் பல, படத்தில் இருப்பதே இல்லை. டிஸ்க்கிலோ, ரிமோட்டிலோ, டிவிக்குப் பின்னால் செருகிய ஒயரிலோ இருக்கும். ஒரு படத்தை வேண்டாம் என்று ஒதுக்குவதற்கு முன், அந்தப் படத்தைத்தான் பார்த்தோமா என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும்.

அதிகம் நடக்கும் தவறு, படத்தின் வடிவத்தைக் கவனிக்காமல் விடுவது. தமிழின் முதல் சினிமாஸ்கோப் (அகலத்திரை) படமான 'ராஜ ராஜ சோழன்' 1973-இல் வந்தது. பிறகு போகப்போக ஸ்கோப்பே வழக்கமாகிவிட்டது. ஸ்கோப்பில் அகலம் உயரத்தைப்போல் 2.35 மடங்கு. பழைய பெட்டி டிவியில் 1.33 மடங்கு, இப்போதைய டிவியில் 1.78. ஆகவே ஸ்கோப் படத்தை முழுசாகக் காட்டினால் மேலேயும் கீழேயும் கறுப்புப் பட்டை வரத்தான் செய்யும். அதைப் பார்த்து "படத்தை வெட்டிவிட்டார்கள்" என்று ஜூம் பட்டனை அழுத்துகிறோமே, உண்மையில் அப்போதுதான் படம் வெட்டுப்படுகிறது. இப்போதைய டிவியில் இரண்டு ஓரமும் சேர்த்துக் கால்வாசி போய்விடும். பெட்டி டிவிக்காகவே ஓரங்களை நறுக்கிப் போட்ட பழைய டிவிடிகளில் நாற்பது சதவீதத்துக்கும் மேல் காணாமல் போயிருக்கும். இருவர் பேசும் காட்சியில் ஒருவரின் மூக்கும் இன்னொருவரின் காதும் மட்டும் தெரிந்தால், அது கேமராமேன் வைத்த ஃபிரேம் இல்லை. படம் இழுபட்டிருக்கிறதா என்று பார்க்கவும் சுலபமான வழி உண்டு. சுவர்க் கடிகாரம், வண்டிச் சக்கரம், நிலா என்று நேருக்கு நேர் தெரியும் வட்டமான பொருள் எதுவும் வட்டமாகவே தெரிய வேண்டும். முட்டை வடிவில் தெரிந்தால் ரிமோட்டை எடுத்துச் சரிசெய்த பிறகு படத்தைத் தொடருங்கள்.

"ஒரே இருட்டு" என்ற புகாரும் இதே வகைதான். பி.சி.ஸ்ரீராம் மாதிரி நிழலை நம்பி வேலை செய்யும் ஒளிப்பதிவாளர்களின் படங்களுக்கு இந்த அநியாயம் அதிகம் நடக்கிறது. ஓர் அடுக்கு டிவிடியில் 4.7 ஜிபிதான் கொள்ளும், இரண்டு அடுக்கில் 8.5. அதற்குள் மூன்று படங்களைத் திணித்து விற்ற டிஸ்க்குகளில் முதலில் அடிவாங்குவது இருட்டுப் பகுதிகள்தான். முகத்தின் நிழல் பக்கம் கட்டம் கட்டமாக உடையும், கறுப்புச் சேலையும் பின்சுவரும் ஒன்றாகிவிடும். அந்த டிஸ்க்கை வைத்துக்கொண்டு லைட்டிங்கைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. நல்ல டிஸ்க்காக இருந்தாலும், கடையில் பளிச்சென்று தெரிவதற்காக வைத்த பட அமைப்பை வீட்டில் மாற்றாமல் விட்டால் நிறமும் நிழலும் பொய்தான் சொல்லும்.

அடுத்தது சத்தம். 5.1 ஒலியில், அதாவது ஐந்து ஸ்பீக்கருக்கும் ஒரு பாஸ் ஸ்பீக்கருக்கும் தனித்தனியாகப் பிரித்த ஒலியில், வசனத்தின் பெரும்பகுதி நடு ஸ்பீக்கரில்தான் வரும். பிளேயரின் பின்னால் ஆறு துளைகள் இருக்க, முன்பக்கத்துக்கான சிவப்பு, வெள்ளை இரண்டை மட்டும் டிவிக்குக் கொடுத்துவிட்டு, பிளேயர் மெனுவில் 5.1 என்றே விட்டுவைத்தால் என்ன ஆகும்? பின்னணி இசை வீட்டை அதிர வைக்கும், நாயகன் பேசுவது கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருக்கும். உடனே இசையமைப்பாளர் வசனத்தை அமுக்கிவிட்டார் என்ற தீர்ப்பு வந்துவிடும். மெனுவில் ஸ்டீரியோ என்று மாற்றினால் நடு ஸ்பீக்கரின் ஒலியும் இரண்டு பக்கமும் கலந்து வரும். நிமிட வேலை.

கதை தாவுகிறது என்பதற்கு வருவோம். விமர்சனம் எழுதுவதற்கு முன் படத்தின் நீளத்தைச் சரிபாருங்கள். ஃபிலிம் காலத்துப் படம் என்றால் தொடக்கத்தில் வரும் சென்சார் சான்றிதழில் நீளம் மீட்டரில் இருக்கும். 35 எம்எம் ஃபிலிம் ஒரு நிமிடத்துக்குச் சுமார் 27.4 மீட்டர் ஓடும். 4,000 மீட்டர் என்று போட்டிருந்தால் படம் 146 நிமிடம். உங்கள் டிஸ்க் 125 நிமிடத்தில் முடிந்தால் ஏதோ பாட்டும் காட்சியும் போயிருக்கிறது, திரைக்கதை ஆசிரியரைத் திட்டிப் பயனில்லை. ஆனால் 140 நிமிடம் என்றால் அவசரப்பட வேண்டாம். பால் (PAL) என்ற டிவி முறைக்குத் தயாரான டிவிடியில், நொடிக்கு 24 ஃபிரேம் எடுத்த படத்தை 25 ஆக ஓட்டுவது வழக்கம். படம் நான்கு சதவீதம் சீக்கிரம் முடியும், எதுவும் வெட்டுப்பட்டிருக்காது. குரல்கள் மட்டும் ஒரு நூல் உயர்ந்து ஒலிக்கும்.

வெளிநாட்டுப் படங்களில் எந்தப் பதிப்பு என்பதே பெரிய விஷயம். இத்தாலிய இயக்குநர் செர்ஜியோ லியோனியின் 'ஒன்ஸ் அபான் எ டைம் இன் அமெரிக்கா' 1984-இல் ஐரோப்பாவில் 229 நிமிடம் ஓடியது. அமெரிக்காவில் 139 நிமிடமாகக் குறைத்து, காலவரிசையையும் மாற்றி வெளியிட்டார்கள். இந்த இரண்டைப் பார்த்த இரண்டு பேர் சண்டை போட்டால் இருவருமே வெவ்வேறு படத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள்.

பாட்டைப் பார்க்காமல் ஃபார்வேர்டில் ஓட்டிவிடுவது நம் வீடுகளுக்கே உரிய பழக்கம். பிடிக்காவிட்டால் ஓட்டலாம், தவறில்லை. ஆனால் நம் படங்களில் காதல் முற்றுவது, கல்யாணம், குழந்தை வளர்வது, பிழைப்பு தேடி ஊர் மாறுவது எல்லாம் பல நேரம் ஒரே பாட்டுக்குள் முடிந்துவிடும். அதை ஓட்டிவிட்டு "திடீரென்று குழந்தை எங்கிருந்து வந்தது" என்று கேட்பது நியாயமில்லை.

சிலருக்குப் படம் சீரியல் மாதிரி வழவழவென்று தெரியும், செட் செயற்கையாக இருக்கிறது என்பார்கள். இது டிவியின் வேலை. இருக்கும் ஃபிரேம்களுக்கு நடுவே டிவி தானாகச் சில ஃபிரேம்களை உருவாக்கிச் செருகுகிறது. 2018-இல் டாம் குரூஸும் இயக்குநர் கிறிஸ்டோபர் மெக்குவாரியும் இதை அணைத்துவிடச் சொல்லி ஒரு வீடியோவே வெளியிட்டார்கள். பட மெனுவில் மோஷன் என்ற சொல் வரும் அமைப்பைத் தேடி அணைத்துவிடுங்கள். டப்பிங் குரலை வைத்து நடிப்புக்கு மதிப்பெண் போடுவதையும் இதோடு நிறுத்திவிடலாம். டிஸ்க்கில் மூலமொழி ஒலி இருந்தால் சப்டைட்டிலோடு ஒரு காட்சியாவது பாருங்கள்.

இன்னொரு பக்கத் தவறும் இருக்கிறது. தியேட்டரில் பார்த்தவர்தான் பேசத் தகுதியானவர் என்று நினைத்து ஒதுங்கிக்கொள்வது. பெரிய திரையின் பிரம்மாண்டம் வீட்டில் கிடைக்காது, சரி. ஆனால் தியேட்டரில் பார்த்தவருக்கு இல்லாத ஒரு வசதி நம்மிடம் இருக்கிறது. ஒரு காட்சி பலவீனம் என்று எழுதப் போகிறீர்களா? டிஸ்க்கை வெளியே எடுக்கும் முன் அந்தக் காட்சியை மட்டும் திரும்ப ஓட்டுங்கள். பேசுபவரை விட்டுவிட்டு, கேட்டுக்கொண்டிருப்பவரின் முகத்தைப் பாருங்கள். அப்புறமும் பிடிக்கவில்லை என்றால் தயங்காமல் எழுதுங்கள், எந்தப் பதிப்பைப் பார்த்தீர்கள் என்பதையும் ஒரு வரியில் சேர்த்து.