பவளத் தொட்டிக்கு உப்புநீர்: கலப்பதிலும் சேமிப்பதிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிரம்மில் முதலில் உப்பை (மீன்தொட்டிக்கென விற்கும் கடல் உப்புக் கலவையை) கொட்டிவிட்டு அதன்மேல் தண்ணீரைத் திறந்துவிடுவது பலரும் செய்யும் தவறு. வேலை சுலபம்தான். ஆனால் முதல் சில லிட்டர் தண்ணீரில் உப்பின் செறிவு கடல்நீரைப் போலப் பல மடங்காகிவிடும். அந்த நெரிசலில் கால்சியமும் கார்பனேட்டும் சேர்ந்து சுண்ணாம்பாகப் படியும். படிந்தது பிறகு எவ்வளவு கலக்கினாலும் கரையாது. உப்பளவு சரியாக 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு) காட்டும். பவளத்துக்கு வேண்டிய கால்சியமும் காரத்தன்மையும் மட்டும் குறைந்திருக்கும். உப்பளவுக் கருவி இதைக் காட்டிக்கொடுக்காது என்பதுதான் தொல்லை.

ஆகவே தண்ணீர் முதலில். பவர்ஹெட் (நீரைச் சுழற்றும் சிறு பம்ப்) ஓடிக்கொண்டிருக்கும்போதே உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவ வேண்டும். பெரும்பாலான கலவைகளுக்கு லிட்டருக்கு 36 முதல் 39 கிராம் பிடிக்கும். அளவுக் குவளையை நம்பாமல் எடை போடுங்கள். ஈரம் ஏறிய உப்பு அதே எடையில் குறைவான உப்பளவையே தரும். பையைக் காற்றுப் புகாமல் மூடி வைப்பது அதனால்தான். பயணத்தில் பொடியும் குருணையும் தனித்தனியாகப் பிரிந்திருக்கும். வாளியை மூடியபடி உருட்டிவிட்டு எடுப்பது நல்லது.

சூடாக்குவதில் அவசரம் வேண்டாம். சுண்ணாம்பு வெந்நீரில் குறைவாகவே கரையும், சர்க்கரைக்கு நேர்மாறாக. உப்பு முழுதாகக் கரைந்த பிறகே ஹீட்டரைப் போடுங்கள். ஹீட்டர்மேல் வெள்ளை ஓடு கட்டினால் அது உங்கள் நீரிலிருந்து போன கால்சியம். வினிகரில் ஊறவைத்தால் ஓடு போகும், கால்சியம் திரும்பாது.

குழாய்த் தண்ணீரில் பாஸ்பேட், சிலிகேட், சில சமயம் செம்பும் இருக்கும். அதனால் சவ்வாலும் (ஆர்ஓ) அயனி நீக்கும் பிசினாலும் (டிஐ) சுத்திகரித்த நீரைப் பயன்படுத்துங்கள். அதன் டிடிஎஸ் (கரைந்துள்ள பொருட்களின் அளவு) 0 காட்ட வேண்டும். ஓய்ந்திருந்த ஆர்ஓவின் முதல் சில நிமிட நீரில் டிடிஎஸ் அதிகம், அதைக் கொட்டிவிடுங்கள். டிரம் உணவுத் தரப் பிளாஸ்டிக்காக இருக்கட்டும். பித்தளை வால்வு கூடவே கூடாது. அதிலிருந்து கசியும் செம்பு இறாலையும் பவளத்தையும் கொல்லும்.

ரெஃப்ராக்டோமீட்டரை (ஒளி விலகலை வைத்து உப்பளவைக் காட்டும் கருவி) வெறும் ஆர்ஓ நீரில் 0க்கு வைத்துவிட்டுத் திருப்தியடைபவர்கள் அதிகம். 0 சரியாக இருந்தும் 35இல் பிழை வரலாம். 35 பிபிடி உப்பளவு கொண்ட சரிபார்ப்புத் திரவத்தால் சரிபாருங்கள். 25 டிகிரியில் அது 1.0264 ஒப்படர்த்திக்குச் சமம். 100 லிட்டர் நீர் 36 காட்டினால் சுமார் 3 லிட்டரை எடுத்துவிட்டு அதே அளவு ஆர்ஓ நீர் ஊற்றினால் போதும்.

எவ்வளவு நாள் வைக்கலாம்? இது கலவையைப் பொறுத்தது. காரத்தன்மை அதிகமான சில கலவைகளைச் சில மணி நேரத்துக்குள் பயன்படுத்தச் சொல்லியிருப்பார்கள். பையில் எழுதியிருப்பதை மீற வேண்டாம். மற்றவற்றை வாரக் கணக்கில் வைக்க, மூடியும் இருட்டும் போதும். பம்பை இரவும் பகலும் ஓட்டத் தேவையில்லை. மூடாத டிரம்மில் நீர் ஆவியாகும், உப்பு அங்கேயே நிற்கும்; வைத்திருந்த நீரின் உப்பளவு கூடிப்போவது இப்படித்தான். குறைந்த மட்டத்தை உப்புநீரால் அல்ல, ஆர்ஓ நீரால் ஈடுசெய்யுங்கள். தொட்டியில் விடும் நாளில் பம்பை ஒரு மணி நேரம் ஓட்டி, உப்பளவையும் வெப்பத்தையும் மறுபடி பாருங்கள். தொட்டிக்கும் புது நீருக்கும் 1 டிகிரி, 1 பிபிடிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அன்றைக்கு மாற்றாதீர்கள்.