சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நேரம்: சொல் அந்தாதி ஆடுவது எப்படி?

அந்தாதி என்றால் ஒரு பாட்டின் முடிவு அடுத்த பாட்டின் தொடக்கமாக வருவது. அதையே ஒற்றைச் சொல்லுக்குச் சுருக்கினால் ஆட்டம் தயார். ஒருவர் 'படகு' என்றால், அடுத்தவர் 'கு'வில் தொடங்கி 'குதிரை' என்பார். பாட்டியிலிருந்து ஒன்றாம் வகுப்புக் குழந்தை வரை எல்லோரும் ஆடலாம், கரண்ட் போனாலும் ஆடலாம். ஆனால் பலர் வீட்டில் ஐந்தாவது சொல்லிலேயே இது நின்றுவிடும். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

முதலில், எல்லோரும் வட்டமாக உட்காருங்கள். நான்கைந்து பேர் இருந்தால் நல்லது. ஆளுக்கு ஐந்து புளியங்கொட்டை கொடுங்கள். நடுவில் ஒரு கிண்ணம். சொல் வராமல் மாட்டிக்கொண்டவர் ஒரு கொட்டையைக் கிண்ணத்தில் போட வேண்டும். ஐந்தும் போனவர் அவுட்.

அடுத்து, வீட்டிலேயே சின்னவர் முதல் சொல்லைச் சொல்லட்டும். பொருள், விலங்கு, இடம் மாதிரிப் பெயர்ச்சொற்கள் மட்டும். 'கள்' சேர்த்த சொல் செல்லாது, இல்லாவிட்டால் பெரியவன் எல்லாவற்றுக்கும் 'கள்' ஒட்டித் தப்பிப்பான். வந்த சொல் திரும்ப வரக்கூடாது. யோசிக்கப் பத்து எண்ணும் வரை நேரம்.

இப்போதுதான் சிக்கல். 'குதிரை' வந்தது, அடுத்து 'ரை'யில் என்ன சொல்வது? தமிழில் எல்லா எழுத்தும் சொல்லின் முதலில் வராது. நன்னூல் கணக்கில் 12 உயிரும், க, ச, த, ந, ப, ம, வ, ய, ஞ, ங என்ற 10 வரிசைகளும்தான் வரும். ர, ல, ட, ழ, ள, ற, ண, ன வரிசைகளுக்கு இடமில்லை. (லட்டு, ரவை, டம்ளர் எல்லாம் வெளியிலிருந்து வந்தவை. சேர்த்துக்கொள்வதா என்று முதலிலேயே பேசி முடித்துவிடுங்கள், நடுவில் சண்டை வேண்டாம்.)

எங்கள் வீட்டுத் தீர்வு இது: அப்படிப்பட்ட எழுத்து வந்தால், அதற்குள் இருக்கும் உயிரை உருவி எடுங்கள். ரை என்பது ர் + ஐ. ஆகவே 'ஐந்து'. து வந்தது, 'துணி'. ணி என்பது ண் + இ, ஆகவே 'இட்லி'. லியிலும் இ, 'இலை'.

சொல் புள்ளி எழுத்தில் முடிந்தால்? 'மரம்' என்றால் ம வரிசையில் எதுவும் சொல்லலாம்: மாடு, மிளகு, முறம். மற்றப் புள்ளி எழுத்துகளுக்கு முந்தின எழுத்தைப் பிடியுங்கள். 'தேர்' என்றால் தே, ஆகவே 'தேங்காய்'. அதிலிருந்து கா, 'காகம்'. 'மயில்' என்றால் யி. ய வரிசை முதலில் வரும் என்றாலும் யி-யில் சொல் கிடைக்காது, ஆகவே அதிலிருந்து இ.

முதல் நாள் என் மகள் 'கிளி'யைக் கேட்டுவிட்டு விரலை மடக்கி "ள், ள்... இ!" என்று தானே பிரித்தாள். இரண்டாம் வகுப்பில் உயிர்மெய் அட்டவணையை ஒப்பித்தபோது வராதது அது. அம்மாவோ யாருக்குச் சொன்னாலும் மழை, குடை, பூனை என்று ஐ-யிலேயே முடித்து எங்களை மடக்கினாள். ஐப்பசி, ஐயா, ஐம்பது தீர்ந்ததும் கையில் ஒன்றும் இல்லை. ஆகவே புது விதி: ஐ தீர்ந்தால் அ-வில் தொடங்கலாம்.

கை பழகியதும் தலைப்பு வையுங்கள். சமையலறைப் பொருள் மட்டும், அல்லது ஊர்ப் பெயர் மட்டும். எழுதத் தெரிந்த பிள்ளை இருந்தால் சொற்களை வரிசையாக ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். ல, ழ, ள குழப்பம் அங்கே பளிச்சென்று தெரியும். எழுத்து தப்பானால் கொட்டை போடச் சொல்லாதீர்கள், சின்னவர்கள் எழுந்து போய்விடுவார்கள்.

கடைசிவரை கொட்டை வைத்திருப்பவருக்கு வெற்றி. முதலில் அவுட் ஆனவர் எல்லோருக்கும் பாய் விரிக்க வேண்டும். போன வாரம் மூன்று நாள் நான்தான் விரித்தேன்.