மாட்டுக் கொட்டகைக்குக் கான்கிரீட் தளம் போடுவது எப்படி

கொட்டகைத் தூண்களை நட்டு கூரையும் போட்டாச்சு என்றால் அடுத்தது தரை. மேல்மண்ணை வழித்துவிட்டு கிராவல் கொட்டி, தண்ணீர் தெளித்துத் தெளித்து திம்சு கட்டையால் நன்றாக இடிக்க வேண்டும், இதில் சோம்பல்பட்டால் மேலே எவ்வளவு சிமெண்ட் போட்டாலும் தளம் வெடிக்கும். அப்புறம் வாட்டம், அதாவது தண்ணீர் ஓடுவதற்கான சரிவு. தீவனத் தொட்டிப் பக்கம் உயரம், கோமியம் ஓடும் வாய்க்கால் பக்கம் தாழ்வு, 10 அடிக்கு 2 முதல் 3 அங்குலம் போதும். டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் குழாய்) வைத்துப் பார்த்து நூல் கட்டிவிடுங்கள், கொத்தனார் கண்மட்டத்துக்கே சரியா இருக்கும் என்று சொன்னாலும் விடாதீர்கள்.

கலவை 1:2:4 (சிமெண்ட், மணல், ஜல்லி), 20 மில்லிமீட்டர் ஜல்லி, கனம் 4 அங்குலம். தண்ணீர் அதிகம் ஊற்றினால் தள்ள சுலபம், ஆனால் பலம் போய்விடும். கரணையால் வழவழப்பாகத் தேய்க்க விடவே கூடாது, மாடு வழுக்கி விழுந்தால் காலே போச்சு. ஈரமாக இருக்கும்போதே துடைப்பத்தால் இழுத்து சொரசொரப்பாக்கி, கயிறு அழுத்திக் கோடு போடுங்கள். மறுநாள் தளத்தின் மேல் பாத்தி கட்டித் தண்ணீரைத் தேக்கி வையுங்கள், குறைந்தது 7 நாள். மாட்டை உள்ளே கட்ட மூன்று நான்கு வாரமாவது பொறுங்கள்.